சோற்றுரிமையை அடகு வையாதீர்!

வயிறு காய்ந்தவனிடம் உரிமை பேசுதல் பயனற்றது என்பர் சிலர். வயிற்றுக்குச் சோறு பெறுதலே ஓர் உரிமையாக நிலைபெற்றுவிட்ட நாட்டில், அவ்வுரிமையைக் காத்துக்கொள்ளும் வகையறியாதிருத்தல் அதனினும் பேதைமை என்க. தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டை உணவுத் துணையாக நிற்கின்றது. அரசு அதனைக் குடும்ப அட்டை என்கின்றது. பொதுமக்கள் ‘ரேசன் கார்டு’ என்கின்றனர். பங்கீட்டு அட்டை என்பதே அதன் இயல்பைக் காட்டும் நற்றமிழ்ப் பெயராம்.

பங்கீடு என்னும் சொல்லைச் சற்றே ஊன்றி நோக்குக. பங்கு என்பது உடையவனுக்கு வருவது. இரப்பவனுக்கு வருவது பிச்சை. தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் மகன் பெறுவது பங்கு. கூட்டாக வலையிழுத்தவர் கரையில் பிரித்துக்கொள்வது பங்கு. அவ்வாறே, உழைத்தும் வரி செலுத்தியும் இந்நாட்டைத் தாங்கிநிற்கும் மக்கள், அந்நாட்டின் களஞ்சியத்தினின்று பெறுவதும் பங்கேயாகும். பெயரிலேயே இவ்வுண்மை பொதிந்திருக்கவும், கடைவாயிலில் கைகட்டி நிற்பதும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாய்மூடிச் செல்வதும், அட்டையைக் கண்டவர் கையில் கொடுத்து வைப்பதும் தமிழர்க்குப் பழகிப்போயின. இந்நிலை மாறல் வேண்டும்.

கடலூர் மாவட்டம், விருத்தாசலம் எனப் பெயர் மாற்றப்பெற்ற முதுகுன்றத்தின் வட்டத்தில் உள்ள கருவேப்பிலங்குறிச்சியையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எடுத்துக்கொள்க. அங்கு வாழ்வோருள் உழவர் உண்டு. உழவர்தம் நிலத்தில் கூலிக்கு நடவு நடுவோர் உண்டு. முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்டிர் உண்டு. முதுகுன்றத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண் குழைத்து, அச்சில் வார்த்து, சூளையில் அடுக்கி நாள் கழிப்போர் உண்டு. அறுவடை முடிந்ததும் உழவர் தம் நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அளக்கின்றனர். 1972-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு நுகர்பொருள் வாணிகக் கழகம் அந்நெல்லை வாங்கி, ஆலையில் அரைத்து, கிடங்கில் இருப்பு வைக்கின்றது. அவ்வாறு திரட்டிய அரிசியே ஊர்தோறும் உள்ள நயவிலைக் கடைக்கு வருகின்றது. நட்டவளும் அட்டை ஏந்தி நிற்கின்றாள். அளந்தவனும் அட்டை ஏந்தி நிற்கின்றான். ஒரு தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரனும் அரசுக்கு வரி செலுத்துகின்றான். இவர்களுள் எவர் இரவலர்? எவர்க்கு எவர் ஈந்தனர்?

இப் பங்கு தானாக வந்ததன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது ஆண்டுப் பஞ்சத்தை எண்ணிப் பார்க்க. அக்கால் மக்கள் இலக்கக்கணக்கில் மாண்டனர். 1877-இல் இரிச்சர்டு தெம்பிள் என்னும் வெள்ளை ஆட்சியாளர், பஞ்சப்பணி செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 450 கிராம் தவசமும் ஓர் அணாவும் போதுமென்று அளவைக் குறைத்தார். மண் சுமப்பவனுக்கு அவ்வளவு போதாதென்று மாகாண நலவழித்துறை ஆணையர் கார்னிசு என்பவரே எதிர்த்து எழுதினார். அற்றைநாள் மக்களுக்கு அட்டையுமில்லை, கேட்கும் உரிமையுமில்லை. ஆள்வோன் அளந்ததே அளவு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்தான் பங்கீட்டுமுறை நகரங்களில் வேரூன்றிற்று. 1952-இல் இராசாசி ஆட்சி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிற்று. 1967-இல் அண்ணா ஆட்சி, ஓர் உருபாவுக்கு ஒரு படி அரிசி என்னும் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. 1997-இல் நடுவணரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர், மேலுள்ளோர் என்று மக்களை இரண்டாகப் பிரித்துப் பங்கீட்டைச் சுருக்க முற்பட்டபோது, தமிழ்நாடு அப் பிரிவினைக்கு இடங்கொடாமல் அனைவர்க்குமான பங்கீட்டையே போற்றிக் காத்தது. 2006-இல் கிலோ 2 உருபாவாகவும், 2008-இல் 1 உருபாவாகவும் இறங்கிய அரிசி விலை, 2011 சூன் திங்களில் முற்றாக நீங்கிற்று. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கு 2016 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தபோதும், அச் சட்டத்தின் வரம்புக்குள் வாராத குடும்பங்களையும் தமிழ்நாட்டரசு தன் பொருளால் தாங்கிற்று. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின, சோற்றுப் பங்கு நிலைத்து நின்றது. மக்கள் விழித்திருந்தமையே அதற்குக் கரணியம்.

விழிப்புக் குன்றினால் என்னாகும் என்பதற்கு இலங்கை சான்று பகரும். அங்கு 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்தினின்று 70 சதமாக அரசு உயர்த்தியபோது, ஆகத்து 12-ஆம் நாள் நாடே கடையடைத்து எழுந்தது. தலைமையமைச்சர் தட்லி சேனநாயக்கா அவ்வாண்டே பதவி விலக நேர்ந்தது. வெளிப்படையாகப் பறிக்க முயன்றபோது மக்கள் எழுந்தனர். ஆனால் 1979-இல் அரிசிப் பங்கீட்டுக்கு மாற்றாகப் பணமதிப்புக் குறித்த உணவு முத்திரைகள் வந்தபோது அத்தகைய எழுச்சி இல்லை. விலைவாசி ஏற ஏற, முத்திரையில் அச்சிட்ட மதிப்பு அவ்விடத்திலேயே நின்றது. அதனைக் கொண்டு வாங்கும் அரிசியோ ஆண்டுதோறும் குறைந்தது. அளவாய் இருந்த உரிமை பணமாய் மாறியபோது கரைந்துபோயிற்று.

அத்துணைத் தொலைவு போவானேன்? கடலூருக்கு அண்மையில் உள்ள புதுச்சேரியில், அரிசிக்கு மாற்றாகப் பணத்தை வைப்புக்கணக்கில் செலுத்தும் முறை வந்தபின் நயவிலைக் கடைகள் பூட்டிக் கிடந்தன. கடைத்தெருவில் அரிசி விலை ஏறியபோது அப் பணம் ஏறவில்லை. மக்கள் ‘பணம் வேண்டா, அரிசி தருக’ என்று பன்முறை கேட்டபின், 2024 அக்தோபர்த் திங்களிலேதான் கடைகள் மீளத் திறக்கப்பட்டன. ஒருமுறை அடைத்த கடையைத் திறப்பித்தல் எத்துணை அரிது என்பதை அண்டை மண்ணே காட்டிவிட்டது.

ஆகலின் அட்டையைக் காத்தல் என்பது, பெட்டியில் பூட்டி வைத்தல் மட்டுமன்று. அவ் வுரிமை எவ்வெவ் வழிகளால் கைநழுவுகின்றது என்று அறிந்து, அவ் வழிகளை அடைத்தலே காத்தலாகும்.

முதல் வழி, அடகு. அவசரத்துக்குக் கடன் வாங்கும் ஏழை, ஈடுவைக்க நகையில்லாதபோது குடும்ப அட்டையை வட்டிக்காரனிடம் கொடுத்துவிடும் கொடுமை இந்நாட்டில் உண்டு. மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்தில் இவ்வாறு அட்டையை ஈடுவைத்துவிட்ட ஏழைக் குடும்பங்கள், 2020-இல் பெருநோய் ஊரடங்கின்போது அரிசி வாங்க வழியின்றித் தவித்தமை வெளிப்பட்டது. அதன்பின்பே அலுவலர் தலையிட்டு அட்டைகளை மீட்டுக் கொடுத்தனர். தமிழ்நாட்டில் 2020 அக்தோபர் முதல் விரற்பதிவு முறை வந்தபின் பிறர் அட்டையைக் கொண்டு பொருள் வாங்குதல் அரிதாயிற்று. ஆயினும், கடன்பட்டவளைக் கடைக்கு உடனழைத்துச் சென்று, அவள் விரலை வைப்பித்து, மூட்டையைத் தான் தூக்கிச் செல்லும் வட்டிக்காரனை எப்பொறி தடுக்கும்? நகை போனால் ஒரு நகை போயிற்று. அட்டை போனால் திங்கள்தோறும் சோறு போகின்றது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பதினெட்டு அகவை நிரம்பிய பெண்களுள் மூத்தவரையே குடும்பத் தலைவராகக் கொண்டு அட்டை வழங்கச் சொல்கின்றது. அடுப்பின் துயரறிந்தவள் கையிலேயே அட்டை இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. குடிக்காகவோ சூதுக்காகவோ அவ் வட்டையைக் கேட்கும் ஆடவனிடம் அதனைக் கொடாதிருத்தல் மனைவிக்குக் குற்றமாகாது, கடமையாகும்.

இரண்டாம் வழி, விற்பனை. வாங்கிய அரிசியை வீட்டு வாயிலிலேயே தரகனுக்குச் சில உருபாவுக்கு அளந்துவிடும் வழக்கம் ஊர்தோறும் பரவியுள்ளது. நடுவணரசின் கணக்குப்படியே ஒரு கிலோ அரிசியை வாங்கி, அரைத்து, இருப்பு வைத்து வழங்க 35 உருபாவுக்கு மேல் செலவாகின்றது. அதனைச் சில்லறைக் காசுக்கு வாங்கும் தரகன், மூட்டை மூட்டையாகச் சேர்த்து அண்டை மாநிலங்களுக்குக் கடத்துகின்றான். அல்லது தீட்டி மெருகேற்றிப் புதுப்பையில் அடைத்து நம்மிடமே விற்கின்றான். இக் கடத்தல் 1955-ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டப்படி குற்றம். 1980-ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டப்படி கடத்துவோரைக் காவலில் வைக்கவும் இடமுண்டு. அரிசி வேண்டாத குடும்பம் அதனை விட்டுக்கொடுக்கவோ, அட்டை வகையை மாற்றிக்கொள்ளவோ வழியிருக்கின்றது. வாங்கி விற்பவனோ, ‘இம்மக்களுக்கு அரிசி தேவையில்லை’ என்று சொல்லக் காத்திருப்பவர் கையில் சான்றைக் கொடுக்கின்றான். அவன் விற்ற இருபது கிலோவால் இழப்பவள், அவ்வரிசியையே உலையிலிடும் பக்கத்து வீட்டுக் கைம்பெண் என்பதை எண்ணினானில்லை. அரிசி தரங்குன்றியிருப்பின் கடையிலேயே மறுத்து நல்லரிசி கேட்டுப் பெறுக, முறையிடுக. தரங்குன்றியதற்கு மருந்து முறையீடே அன்றித் தரகனல்லன்.

மூன்றாம் வழி, பொய்ப்பதிவு. 2017 ஏப்பிரல் முதல் பழைய தாளட்டைக்கு மாற்றாக மின்னணுக் குடும்ப அட்டை வழங்கப்பெற்றது. கடையில் அதனைக் கருவியில் காட்டிப் பொருள் பெற்றவுடன், பதிந்துவைத்த கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி வருகின்றது. அரிசி மட்டும் வாங்கியவர்க்குப் பருப்பும் எண்ணெயும் வாங்கியதாகச் செய்தி வருமாயின், அவர் பங்கை வேறொருவர் உண்டார் என்பது பொருள். 2007 முதல் சிறப்புத் திட்டத்தின் கீழ்த் துவரம் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குத் தரப்படுகின்றன. வெளிக்கடையில் விலை மிகுதியாக விற்கும் இவ்விரண்டிலேதான் பொய்ப்பதிவுக்கு ஆசை பிறக்கின்றது. ஆகவே செய்தியைப் படித்துப் பார்த்தல் வேண்டும். படிக்கத் தெரியாதார் படிப்பித்துக் கேட்டல் வேண்டும். வேறுபாடு கண்டால் அன்றே 1967 என்னும் எண்ணிலோ, 1800 425 5901 என்னும் கட்டணமில்லா எண்ணிலோ முறையிடுக. எடைத்தட்டைக் கண்ணால் நோக்கி வாங்குக. கடைமுன் எழுதவேண்டிய இருப்பும் விலையும் எழுதியிருக்கின்றனவா என்று பார்க்க. இவை சண்டையல்ல, பங்காளியின் கணக்குக் கேட்கும் முறை. கடையில் எடையிடும் பணியாளரும் குறைந்த ஊதியத்தில் உழலும் தமிழரே. மூட்டை எடைகுறைந்து வந்து இறங்கினால், அக் குறையை அவர் தலையில் கட்டும் கொடுமையும் உண்டு. ஆகவே கேள்வி கடைக்காரரோடு நில்லாமல் கிடங்குவரை செல்லுதல் வேண்டும்.

நான்காம் வழி, பிறர் கைப்பேசி எண். பெயர் சேர்க்கவும் நீக்கவும் முகவரி மாற்றவும் இ-சேவை நடுவங்களுக்குச் செல்வோர், தம் எண்ணைப் பதியாமல் அங்கிருப்பவர் எண்ணைப் பதியவிட்டு வருகின்றனர். அட்டையின் வாயிற்கதவுக்கு அவ் வெண்ணே திறவுகோல். அதற்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவன் எவனாயினும், அரசு அலுவலன் என்றே கூறிக்கொள்ளினும், அதனைச் சொல்லுதலாகாது. அட்டையின் படியையும் ஆதார் எண்ணையும் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்து வருதலும் கூடாது. அட்டை தொலைந்துவிடின் அஞ்சற்க: அட்டை தொலையினும் உரிமை தொலையாது. உடனே முறைப்படி மாற்றட்டை கேட்டுப் பெறுக.

இவை மக்கள் காக்க வேண்டியவை. அரசு காக்க வேண்டியவையும் உள.

முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரிக்கும். அதனை நாளெல்லாம் உடைக்கும் பெண்ணின் விரலில் வரி எங்ஙனம் நிலைக்கும்? களிமண் குழைத்தவன் விரலும், அகவை முதிர்ந்தவள் விரலும் அத்தகையனவே. நாட்டுக்கு உழைத்துத் தேய்ந்த விரலைப் பார்த்து, ‘நீ யாரென்று தெரியவில்லை’ என்று ஒரு பொறி சொல்லுமாயின், அஃது அப் பொறியின் குறையேயன்றி விரலின் குறையன்று. விரற்பதிவு பதியாமையைக் கரணியங்காட்டிப் பொருள் மறுத்தலாகாது என்று அரசே அறிவுறுத்தியுள்ளது. கண்ணின் கருவிழியைக் கொண்டு அறியும் கருவிகளும் கடைகளுக்கு வந்துள்ளன. நடக்கவியலாதார் தமக்கு மாற்றாக ஒருவரை எழுதிக்கொடுத்து அமர்த்தவும் வழியுண்டு. 2025 ஆகத்தில், முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டமும் தொடங்கப்பெற்றது. இவ் வழிகள் இருப்பதை அறியாமல், நான்கு முறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் முதியவளுக்கு அவற்றை எடுத்துச் சொல்வார் யார்?

பொறியும் அலுவலகமும் சேர்ந்து பெயரை நீக்கும்போது நேர்வது என்ன என்பதைச் சார்க்கண்டு மாநிலம் கண்டது. 2017-இல் அங்குச் சிம்தேகா மாவட்டத்தில், ஆதாரோடு இணைக்கப்படாமையால் அட்டை நீக்கப்பட்ட ஓர் ஏழைக் குடும்பத்தின் பதினோரகவைச் சிறுமி மாண்டாள். சோறு கேட்டுக்கொண்டே இறந்தாள் என்று தாய் சொன்னாள். நோயால் இறந்தாள் என்று அரசுத் தரப்புச் சொல்லிற்று. எவர் கூற்றைக் கொள்ளினும், அவ் வீட்டில் அரிசி இருந்திருக்கவேண்டிய நாளில் அரிசியில்லை என்பது மட்டும் மாறாது. ஆகவே அட்டையில் பெயருடையார் அனைவரும் தம் பதிவைச் செய்துவிட்டனரா என்று இன்றே பார்த்தல் வேண்டும். இறந்தார் பெயரை மறையாது நீக்கிக் குழந்தையின் பெயரைச் சேர்த்தல் வேண்டும்.

மொழியாலும் இங்கு ஒரு கேடு நேர்கின்றது. தமிழில் இட்ட பெயர் ஆங்கில எழுத்துக்குள் புகுந்து, மீண்டும் பொறிவழியே தமிழுக்கு வரும்போது மலர்விழி ‘மலர்விலி’ ஆகின்றாள். 2017-இல் புதிய அட்டைகள் வந்தபோது பெயர்ப்பிழையும் ஊர்ப்பிழையும் மலிந்தன. சேலம் மாவட்டத்தில் ஒரு பெண்ணின் அட்டையில் திரைப்பட நடிகை ஒருவரின் படமே அச்சாகி வந்தது. நாடு சிரித்தது. ஆனால் ஓரெழுத்துப் பிழையால் ஓர் ஆவணம் மற்றோர் ஆவணத்தோடு பொருந்தாமல் அலையும் ஏழைக்குச் சிரிப்பு வாராது.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. அட்டையின் வகையைக் காட்டும் குறி ஆங்கில எழுத்திலேயே நிற்கின்றது. ‘பி.எச்.எச்.’ என்றால் முன்னுரிமைக் குடும்பம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைக்கு 5 கிலோ கூலம் பெறும் உரிமையுடையது. அதனோடு ‘ஏ.ஏ.ஒய்.’ என்றிருப்பின் ஏழையரினும் ஏழைக் குடும்பம். 35 கிலோ அரிசிக்கு உரியது. ‘என்.பி.எச்.எச்.’ என்பது முன்னுரிமைப் பட்டியலில் இல்லாதது. ஆயினும் தமிழ்நாட்டரசின் பொறுப்பில் அரிசி பெறுவது. அதன்பின் ‘எசு’ என்றிருப்பின் அரிசிக்கு மாற்றாகச் சருக்கரை, ‘என்.சி.’ என்றிருப்பின் பொருளில்லா அட்டை. தமிழ்நாட்டரசு தமிழ்மக்களுக்குத் தரும் அட்டையில், ஒருத்தி தன் பங்கு எவ்வளவு என்று தன் மொழியில் அறியக் கூடவில்லை! முப்பத்தைந்து கிலோவுக்கு உரியவள் இருபது கிலோ பெற்று நன்றி சொல்லிப் போவாளாயின், அவளை ஏமாற்றியது அக் குறியேயன்றோ? அட்டையின் முகத்திலேயே ‘முன்னுரிமைக் குடும்பம்’ என்றும், இன்னின்ன பொருள் இவ்வளவு என்றும் தமிழில் அச்சிடுதற்கு ஆகும் செலவு எவ்வளவு? தமிழில் வேண்டும் என்பது புலவர்க்கு மட்டும் உரிய வேட்கையன்று. சோற்றுப்பானையின் அளவே அதனைப் பொறுத்திருக்கின்றது.

அரிசியோடு இவ் வட்டையின் பயன் முடிவதுமில்லை. 2024 இறுதியில் பெஞ்சல் புயலால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2000 உருபா துயர்துடைப்புத் தொகை இவ் வட்டையைக் கொண்டே வழங்கப்பட்டது. 2023 செப்தம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கும் இதுவே அடிப்படை. அட்டை பிழையாய்க் கிடந்தால் வெள்ளத்தன்றும் வெறுங்கைதான்.

செய்யவேண்டுவன அரியவல்ல. ஊர்தோறும் தமிழ்படித்த இளைஞர் நால்வர் முன்வருக. திங்களில் ஒருநாள் மாலை, சாவடியிலோ பள்ளித் திண்ணையிலோ அமர்க. ஊராரின் அட்டைகளை அவர்கள் கண்முன்னே வாங்கிப் பார்த்து, பெயரையும் வகையையும் எண்ணையும் சரிபார்த்து, உரிய பங்கு எவ்வளவு என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, அப்போதே அட்டையைத் திருப்பித் தருக. குறுஞ்செய்திகளைப் படித்துக் காட்டுக. பிழையுள்ளார்க்கு முறையீடு எழுதித் தருக. வட்டந்தோறும் இரண்டாம் காரிக்கிழமைகளில் நடத்தப்பெறும் குறைதீர் முகாமுக்கு உடன் செல்க. இதற்குக் காசு வாங்கற்க. காசு வாங்கினால் அவ் விளைஞரும் தரகரே.

தமிழ்ப் பெருமக்களே! முன்னோர் ஓலையில் எழுதிய நிலவாவணத்தைப் பரணில் ஏற்றிப் பாதுகாத்தனர். நிலமிழந்தால் குடியிழக்கும் என்று அறிந்திருந்தனர். நிலமில்லாக் குடிகளுக்கு இற்றைநாள் இவ் வட்டையே நிலவாவணம். அதனை அடகு வையாதீர். அதனால் வந்த அரிசியை விற்காதீர். பொய்யாய்ப் பதிந்த ஒரு கிலோவையும் பொறுத்துக்கொள்ளாதீர். உமக்குரிய பங்கைத் தலைநிமிர்ந்து கேட்டு, அளந்து பார்த்து, வீட்டுக்குக் கொண்டுபோய் உலையிலிடுங்கள்.